மாட்டுக்குப் புரதம் எவ்வளவு, மூத்திரத்தில் போவது எவ்வளவு: குமரி மாவட்டக் கறவைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் தொழுவத்தில் ஜெர்சி கலப்பினப் பசு இரண்டு நிற்கின்றன. விடியற்காலை நாலரை மணிக்குக் கறக்கப் போனால், லைட்டைப் போடுவதற்கு முன்பே மூக்கில் ஒரு காரம் ஏறும். சில நாள் கண்ணும் எரியும். தரையைச் சரியாகக் கழுவாததால் வருகிற நாற்றம் என்றுதான் பல காலம் நினைத்திருந்தேன். நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டாலும் மறுநாள் அதே காரம். அது நான் காசு கொடுத்து வாங்கிப் போட்ட கடலைப் புண்ணாக்கின் மிச்சம் என்று புரிந்துகொள்ளக் கொஞ்சம் படிக்கவும், ஒரு தராசு வாங்கவும் வேண்டியிருந்தது.

தீவனத்தில் புரதம் கூடினால் பாலும் கூடும் என்பது பாதி உண்மை. மாட்டின் தேவை வரைக்கும்தான் அது கூட்டும். தேவையைத் தாண்டிப் போடுகிற புரதத்தில் இருக்கும் நைட்ரஜன் மூத்திரத்தில் இறங்கி, அம்மோனியா வாயுவாகத் தொழுவத்தை நிறைக்கும். அந்தத் தேவை எவ்வளவு என்பதை வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில் வயிற்றுக்குள் நடப்பது

புரதத்தில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன். ஆய்வகத்தில் தீவனத்தைச் சோதிக்கும்போது நேரடியாகப் புரதத்தை அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கி, கிடைக்கும் எண்ணைக் கச்சாப் புரதம் என்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வயலுக்குப் போடும் யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். இந்தக் கணக்குப்படி அதன் கச்சாப் புரதம் 287 சதவீதம்! யூரியா கலந்த தீவனமும் சீட்டில் நல்ல புரதத் தீவனமாகவே தெரியும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மூட்டையைப் படியுங்கள்.

பசு தின்னும் புரதத்தில் பெரும்பங்கு நேராகக் குடலுக்குப் போவதில்லை. முதல் வயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிரிகள் அதைச் சிதைத்து அம்மோனியாவாக்குகின்றன. பிறகு அதே அம்மோனியாவை எடுத்துத் தங்கள் உடம்பை வளர்க்கின்றன. அந்த நுண்ணுயிரிகள் பின்னால் குடலில் செரித்து மாட்டுக்கு நல்ல புரதமாகின்றன. ஆனால் அவை வளர, அம்மோனியா இருக்கும் அதே நேரத்தில் மாவுச்சத்தும் வேண்டும். செங்கல் மட்டும் லோடு லோடாக இறங்கி, கொத்தனார் வராமல் போனால் சுவர் எழும்பாது அல்லவா, அந்தக் கதைதான்.

எடுபடாத அம்மோனியா வயிற்றுச் சுவர் வழியாக இரத்தத்தில் கலக்கும். அது நஞ்சு. அதனால் ஈரல் அதை யூரியாவாக மாற்றுகிறது. அந்த வேலைக்கும் சக்தி செலவாகும். பாலாக வேண்டிய சக்தியில் கொஞ்சம் இதற்குப் போய்விடும். யூரியாவில் ஒரு பகுதி எச்சில் வழியாகவும் வயிற்றுச் சுவர் வழியாகவும் திரும்ப முதல் வயிற்றுக்கு வருகிறது. தீவனத்தில் புரதம் குறைவாக இருக்கும் நாளில் இந்தச் சிக்கனம் மாட்டைக் காப்பாற்றும். மீதி மூத்திரத்தில் போகிறது, கொஞ்சம் பாலிலும் கசிகிறது.

மாடு தின்னும் நைட்ரஜன் 100 பங்கு என்றால், பாலில் சேர்வது சராசரியாக 25 பங்குதான். மோசமான தீவனத் திட்டத்தில் 15 வரை இறங்கும், மிக நன்றாக நடத்தினால் 35 பக்கம் ஏறும். மீதி சாணியிலும் மூத்திரத்திலும் போகும். சாணியில் போகும் அளவு அதிகம் மாறாது. தின்னும் உலர்பொருள் (தண்ணீர் நீக்கிய தீவன எடை) கிலோவுக்குச் சுமார் 7 முதல் 8 கிராம் நைட்ரஜன் அதில் போய்விடும். நாம் அதிகமாகப் போடும் புரதம் கிட்டத்தட்ட முழுவதும் மூத்திரக் கணக்கில்தான் ஏறும்.

படி 1: தராசில் போடுங்கள்

இதைச் செய்யாமல் மேலே போக வேண்டாம். "ஒரு மக்கு புண்ணாக்கு போடுறேன்" என்றால் அது அளவே இல்லை. எங்கள் வீட்டில் ஒரே நீல மக்கில் நான் அள்ளியது 620 கிராம், என் மனைவி குவித்து அள்ளியது 850 கிராம். இரண்டு நேரமும் சேர்த்தால் கிட்டத்தட்ட அரைக் கிலோ வித்தியாசம். கொக்கித் தராசு ஒன்று போதும். புல் கட்டு, வைக்கோல், குச்சித் தீவனம், புண்ணாக்கு எல்லாவற்றையும் மூன்று நாள் எடை போட்டுச் சராசரி எழுதுங்கள். மாடு மிச்சம் வைத்ததையும் எடை போட்டுக் கழித்துவிடுங்கள்.

மாட்டின் எடைக்குத் தையல் டேப் போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை உள்ள நீளத்தால் அதைப் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் கிலோ வரும். எங்கள் பசுவுக்குச் சுற்றளவு 64, நீளம் 56. கணக்குக்கு 348 கிலோ வந்தது. 350 என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 2: எதில் எவ்வளவு புரதம்

இவை சராசரி அளவுகள். ஆலைக்கு ஆலை, அறுப்புக்கு அறுப்பு மாறும்.

- கடலைப் புண்ணாக்கு: 40 முதல் 45 சதவீதம்
- தேங்காய்ப் புண்ணாக்கு: 20 முதல் 22
- குச்சித் தீவனம்: சீட்டில் போட்டிருப்பதைப் பாருங்கள், பெரும்பாலும் 20 அல்லது 22
- அரிசித் தவிடு: 12 முதல் 14
- மக்காச்சோளம்: 9
- காய்ந்த மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) வற்றல்: 2 முதல் 3
- கோ-4 மாதிரிக் கம்பு நேப்பியர் புல்: உலர்பொருளில் 8 முதல் 11
- வைக்கோல்: 3 முதல் 4
- அகத்தி, கிளைரிசிடியா, சூபாபுல் இலை: உலர்பொருளில் 20 முதல் 25

பச்சைப் புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். 20 கிலோ கட்டு என்றால் 4 கிலோ உலர்பொருள்தான். அசோலாவைப் பற்றிப் பெரிதாகப் பேசுபவர்கள் இதைச் சொல்வதில்லை. அதில் 93 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், 2 கிலோ அள்ளிப் போட்டாலும் கிடைக்கும் புரதம் 30 கிராம் பக்கம்தான். வாழைத்தடையும் (வாழையின் அடித்தண்டு) சக்கை மடலும் (பலாப்பழத் தோல்) மாட்டுக்குப் பிடிக்கும், வயிறும் நிறையும். புரதக் கணக்கில் இரண்டையும் பெரிதாகச் சேர்க்க வேண்டாம்.

எண் ஒன்றாக இருந்தாலும் எல்லாப் புரதமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. கடலைப் புண்ணாக்கின் புரதம் முதல் வயிற்றில் சீக்கிரம் கரைந்து அம்மோனியாவாகும். தேங்காய்ப் புண்ணாக்கின் புரதம் மெதுவாகக் கரையும், கணிசமான பகுதி சிதையாமல் குடலுக்குப் போய்விடும். நம் மாவட்டத்தில் எளிதாகக் கிடைக்கும் ஒன்றை, "சதவீதம் குறைவு" என்று ஒதுக்கிவிட்டு வெளியூர்க் கடலைப் புண்ணாக்குக்கு ஓடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. மழைக்காலத்தில் ஈரம் பிடித்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு சேரும், அது பால் வரைக்கும் வரும் என்பதும் ஒரு காரணம். தேங்காய்ப் புண்ணாக்கிலும் எண்ணெய் இருப்பதால் காறிப்போகும். நாளுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போட வேண்டாம், புதிதாக வாங்குங்கள்.

படி 3: தேவை எவ்வளவு

350 கிலோ பசுவுக்கு உடம்பைப் பராமரிக்கச் சுமார் 350 கிராம் புரதம். பாலுக்கு லிட்டர் ஒன்றுக்குச் சுமார் 90 கிராம். 10 லிட்டர் கறந்தால் 350 + 900 = 1250 கிராம். அது தின்னும் 11 கிலோ உலர்பொருளில் இது 11.4 சதவீதம்தான். 15 லிட்டர் என்றால் 1700 கிராம், உலர்பொருளில் 13 முதல் 14 சதவீதம். 20 லிட்டருக்கு மேல் கறக்கும் மாட்டுக்குத்தான் 16 சதவீதப் பேச்சு வரும். 17, 18 சதவீதம் என்று இணையத்தில் பார்ப்பதெல்லாம் வெளிநாட்டில் 35, 40 லிட்டர் கறக்கும் ஹோல்ஸ்டீன் மாட்டுக்கு எழுதியது. அங்கேயே 16, 17 தாண்டினால் பால் ஏறுவது அரிது என்று குறைத்து வருகிறார்கள்.

படி 4: இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்

நாளுக்கு 10 லிட்டர் கறக்கும் எங்கள் பசுவுக்கு நான் போட்டுக்கொண்டிருந்தது இது. புல் 20 கிலோ, வைக்கோல் 3 கிலோ, 20 சதவீதக் குச்சித் தீவனம் 3 கிலோ, தேங்காய்ப் புண்ணாக்கு 1 கிலோ, கடலைப் புண்ணாக்கு 1 கிலோ. கடைசி ஒரு கிலோ தீவனக் கடைக்காரர் சொல்லிச் சேர்த்தது. புரதம் முறையே 360, 108, 600, 210, 420. கூட்டினால் 1698 கிராம். உலர்பொருள் 11.2 கிலோ, ஆக 15 சதவீதம். தேவை 1250. நாளுக்கு 450 கிராம் அதிகம்.

கடலைப் புண்ணாக்கை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் அரைக் கிலோ மக்காச்சோள மாவும் அரைக் கிலோ மரச்சீனி வற்றலும் வைத்தேன். புரதம் 1335 கிராமாக இறங்கியது. அப்போதும் தேவைக்கு மேல் 85 கிராம் கையிருப்பு.

இப்போது நைட்ரஜன் கணக்கைப் பாருங்கள். முதலில் உள்ளே போனது 272 கிராம், பிறகு 214. பாலில் வெளிவருவது இரண்டு முறையும் ஒன்றுதான். 10 லிட்டரில் 330 கிராம் புரதம். பால் புரதத்துக்கு 6.38 ஆல் வகுக்க வேண்டும், 52 கிராம் நைட்ரஜன் வரும். தின்ற நைட்ரஜனில் பாலில் சேர்வது நூற்றுக்கு 19 ஆக இருந்தது 24 ஆனது. சாணிக்கு 85 கிராம் ஒதுக்கினால், மூத்திரத்தில் போவது 135 கிராமிலிருந்து 77 கிராமுக்கு இறங்குகிறது. நாளொன்றுக்கு மிச்சம் 58 கிராம் நைட்ரஜன், அதாவது 126 கிராம் யூரியா. 300 நாள் கறவையில் 38 கிலோ. ஒரு யூரியா மூட்டை 45 கிலோ என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு மாடு, ஒரு ஈற்றுக்குள், ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைய யூரியாவைத் தொழுவத்து மூத்திர ஓடையில் விட்டிருக்கிறது. அதுவும் கடலைப் புண்ணாக்கு விலையில் வாங்கிய யூரியா.

படி 5: மெதுவாக மாற்றுங்கள்

ஒரே நாளில் நிறுத்தினால் பால் குறையத்தான் செய்யும். முதல் வயிற்று நுண்ணுயிரிகள் புதுத் தீவனத்துக்குப் பழக நாள் வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை 200 கிராம் வீதம் குறைத்து, அதே அளவு மாவுத் தீவனத்தை ஏற்றிக்கொண்டே போனால் பத்து நாளில் முடியும். அந்தப் பத்து நாளில் வேறு எதையும் மாற்றாதீர்கள். புல்லையும் சேர்த்து மாற்றிவிட்டால் எது எதைச் செய்தது என்று தெரியாது.

பக்கத்து வீட்டுச் சித்தி வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "மக்களே, புண்ணாக்கைக் கொறச்சா பால் வத்திப் போகாதா?" என்று மூன்றாம் நாளே கேட்டுவிட்டார். சொசைட்டிக் கணக்கு நோட்டைத்தான் காட்டினேன். காலை ஐந்தேமுக்கால் லிட்டர், மாலை நாலேகால் லிட்டர். முந்தைய வாரமும் அதுதான்.

மரச்சீனி பற்றி ஒரு கண்டிப்பு. பச்சைக் கிழங்குத் தோலும் பச்சை இலையும் சயனைடு நஞ்சு உள்ளவை. கசப்பு ரகத்தில் இன்னும் அதிகம். மெல்லியதாக அரிந்து வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த வற்றலை மட்டும் கொடுங்கள். நாளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம், அதையும் இரண்டு நேரமாகப் பிரித்துக் கொடுங்கள். ஒரேயடியாக அதிகம் போட்டால் வயிறு புளித்துவிடும். தோலைத் தின்ற மாடு மூச்சுத் திணறினால் நாட்டு வைத்தியம் பார்த்து நேரம் போக்காமல் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், நேரம். புண்ணாக்கைக் காலையிலும் மாவுத் தீவனத்தைச் சாயங்காலமும் வைத்தால் செங்கல் வந்த நாளில் கொத்தனார் லீவு. இரண்டையும் கலந்து, புல்லோடு சேர்த்து, முடிந்தால் மூன்று நேரமாக வையுங்கள். இரவே புண்ணாக்கை ஊறவைத்து மறுநாள் புளித்த கரைசலாகக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஊறினால் இளகும் என்பது சரி, அதற்கு ஒரு மணி நேரம் போதும்.

படி 6: சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது

முதல் கருவி உங்கள் மூக்கு. விடியற்காலைக் காரம் குறைய வேண்டும். இரண்டாவது சாணி. தோசைமாவு மாதிரித் தெறித்தால் புரதமோ இளம்புல்லோ அதிகம் என்று சந்தேகப்படலாம். வளையம் வளையமாகக் கெட்டியாக விழுந்தால் குறைவு. நடுவில் லேசான குழியோடு பரந்து நின்றால் நல்லது. பாலின் அளவும் எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) எண்ணும் இரண்டு வாரம் இறங்காமல் நிற்க வேண்டும். லிட்டர் இறங்கினால் கால் கிலோ தேங்காய்ப் புண்ணாக்கைத் திரும்ப ஏற்றிப் பாருங்கள்.

துல்லியமாகத் தெரிய, பால் யூரியா சோதனை இருக்கிறது. வசதியுள்ள பால் ஆய்வகங்களில் செய்வார்கள். பால் யூரியா நைட்ரஜன் 100 மில்லியில் 10 முதல் 16 மில்லிகிராம் இருந்தால் பரவாயில்லை. 19, 20 தாண்டினால் சினை பிடிப்பது குறைவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. சினை ஊசி போட்டும் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருகிற மாடு இருந்தால், மருந்துக்கு முன் புண்ணாக்கு மூட்டையையும் ஒரு பார்வை பாருங்கள். சில ஆய்வகங்கள் யூரியா நைட்ரஜனுக்குப் பதில் யூரியா என்று எண்ணைத் தரும். அது 2.14 மடங்கு பெரிதாக இருக்கும், பயந்துவிட வேண்டாம். தீவனத்தையே சோதிக்க வேண்டுமானால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக் கூடம் உண்டு.

எப்போது குறைக்கவே கூடாது

கன்று ஈன்ற முதல் இரண்டு மூன்று மாதத்தில் பசு தின்பது குறைவு, கறப்பது அதிகம். அப்போது சதவீதம் கொஞ்சம் உயர்ந்து இருக்கட்டும். வளரும் கிடேரிக்கும் கைவைக்காதீர்கள்.

இன்னொன்று, இந்த மாவட்டத்தில் சித்தி வீட்டு மாதிரித் தொழுவங்களும் ஏராளம். அவர் பசு வைக்கோல், வாழைத்தடை, கஞ்சித் தண்ணியில் நாலு லிட்டர் கறக்கிறது. அதற்கு என் அறிவுரை நேர் எதிர். மொத்தத் தீவனத்தில் புரதம் 7, 8 சதவீதத்துக்குக் கீழே போனால் நுண்ணுயிரிகளே பட்டினி. வைக்கோல் செரிக்காது, செரிக்காததால் மாடு தின்னவும் செய்யாது. அங்கே ஒரு கிலோ புண்ணாக்கு வீண் இல்லை. வேலியோரம் கிளைரிசிடியா நின்றால் ஓர் இரவு வாடவைத்து நாலைந்து கிலோ கொடுக்கலாம். முதல் வாரம் முகத்தைத் திருப்பும், பிறகு பழகிவிடும்.

வைக்கோலையும் மேம்படுத்தலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் 21 நாள் மூடினால் புரதம் 7, 8 சதவீதமாகும். நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ (மாசி வாக்கில் அறுக்கும் போகம்) அறுப்பு வைக்கோல் இதற்கு நல்லது. கன்னிப்பூ (புரட்டாசி வாக்கில் அறுக்கும் போகம்) வைக்கோல் பெரும்பாலும் மழையில் நனைந்து வரும், பூசணம் பிடித்திருந்தால் தொடாதீர்கள். பிரித்ததும் ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். யூரியாக் கரைசலை மாடு குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து, வாளியை வெளியில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகக் கூடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இந்த வைக்கோல் வேண்டாம்.

மழைக்காலக் கணக்கும் வேறு. இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை), துலாமழை (வடகிழக்குப் பருவமழை) இரண்டுமே நமக்கு உண்டு. மழை பெய்த பத்து நாளில் ரப்பர் தோட்ட ஓரத்திலும் வரப்பிலும் எழும் இளம்புல்லில் சீக்கிரம் கரையும் நைட்ரஜன் நிறைய. அந்த வாரங்களில் புண்ணாக்கை இன்னும் கால் கிலோ குறைத்து, வைக்கோலை ஒரு கிலோ ஏற்றுங்கள். மாசி, பங்குனியில் புல் முற்றியதும் திருப்பி மாற்றுங்கள்.

வெளியே வந்துவிட்ட நைட்ரஜனை என்ன செய்வது

எவ்வளவு குறைத்தாலும் மூத்திரத்தில் கொஞ்சம் போகத்தான் செய்யும். மூத்திரத்தில் உள்ள யூரியா தனியாக இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும். சாணியில் உள்ள ஒரு நொதி பட்டதும்தான் அது சில மணி நேரத்தில் அம்மோனியாவாகப் பறக்கிறது. ஆகவே இரண்டையும் பிரித்துவிட வேண்டும். தரைக்குப் பின்பக்கம் சரிவு, ஓரத்தில் ஓடை, சாணியை உடனே அள்ளுவது, இவ்வளவுதான். ஓடையின் முடிவில் தென்னைநார்க் கழிவு பரப்பிய குழி இருந்தால் மூத்திரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு அது உரம்.

ஓடை கிணற்றுப் பக்கம் போகக் கூடாது. நம் ஊரில் பத்து சென்ட் வளாகத்தில் வீடு, தொழுவம், கிணறு மூன்றும் அடங்கிவிடும். கடலோர மணலில் நைட்ரேட் சீக்கிரம் இறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரைதான் அனுமதி. பால்புட்டிக் குழந்தை இருக்கும் வீடு என்றால் கிணற்றுத் தண்ணீரை ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

நான் ஓடையைச் செவ்வாழைப் பக்கம் திருப்பினேன். முதல் மாதம் முழுவதும் ஒரே வாழை மூட்டில் போய்த் தேங்கி, அந்த வாழையின் இலை ஓரமெல்லாம் கருகிப்போனது. இப்போது ஐந்து மூட்டுக்கு முறை வைத்து, வாளிக்குப் பத்து வாளி தண்ணீர் கலந்து ஊற்றுகிறேன். கருகிய மூட்டில் பக்கக்கன்று ஒன்று எழும்பி நிற்கிறது.